கையெழுத்துக்கு முன் ஒரு கணக்கு



இந்த முறை வந்த கடிதங்களில் ஒன்றைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டேன். தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது இருபத்தெட்டு. பெண்ணுக்கு ஆறு வயது, பையனுக்கு மூன்று. ஏழு மாதமாகக் கணவர் வீட்டுக்கு வரவில்லை. திருப்பூரில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறாராம். பணமும் ஒழுங்காக வருவதில்லை. இவர் குழந்தைகளை அழைத்துக்கொண்டு பிறந்தகத்துக்கு வந்துவிட்டார். போன வாரம் கணவரின் சித்தப்பாவும் ஊர்ப் பெரியவர்கள் இருவரும் வந்து, டைப் அடித்த ஒரு முத்திரைத்தாளை நீட்டியிருக்கிறார்கள். 'நாங்கள் இருவரும் மனமொத்துப் பிரிந்து வாழ்கிறோம். இரண்டு லட்ச ரூபாய் பெற்றுக்கொண்டேன். இனி எனக்கும் குழந்தைகளுக்கும் எவ்விதக் கோரிக்கையும் கிடையாது' என்பது அதன் சாராம்சம்.

'ஊர் வாய்க்குப் பயந்துகிட்டு அப்பா, போட்டுக் கொடுத்துடும்மாங்கிறார். அண்ணிக்கு நாங்க மூணு பேரும் இங்கே இருக்கறது பாரமாத் தெரியுது. பத்து நாள்ல வந்து வாங்கிக்கிறோம்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க. போட்டுடட்டுமா அம்மா?' என்று கேட்கிறார்.

கடிதம் வந்த அன்றே அவருக்குத் தனியாகப் பதில் எழுதிவிட்டேன். 'போடாதீர்கள்' என்பதுதான் அது. ஆனால் இந்த முத்திரைத்தாள் இவர் ஒருவர் வீட்டுக்கு மட்டும் வருகிறதா என்ன? குடும்ப நீதிமன்றத்தில் பல வருஷம் வழக்காடியவள் நான். இப்படி எழுதிக் கொடுத்துவிட்டு, இரண்டு வருஷம் கழித்து ஓடி வந்த பெண்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். ஆகையால் காரணத்தையும், கையெழுத்துக்கு முன்னால் செய்ய வேண்டியதையும் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். 'இந்த அம்மா குடும்பத்தைப் பிரிக்க யோசனை சொல்கிறாள்' என்று யாரும் நினைக்க வேண்டாம். சேர்ந்து வாழ வழியிருந்தால் அதைப்போல் நல்லது வேறில்லை. 1984-ஆம் வருஷத்துக் குடும்ப நீதிமன்றச் சட்டமே, முதலில் சமரசம் செய்து பார்ப்பதை நீதிபதியின் கடமையாக வைத்திருக்கிறது. அதற்கென்றே அங்கே ஆலோசகர்கள் இருக்கிறார்கள். ஆனால் சேர்வதானாலும் பிரிவதானாலும், கண்ணைக் கட்டிக்கொண்டு கையெழுத்துப் போடக் கூடாது. இதுதான் நான் சொல்ல வந்தது.

அந்தத் தாளில் என்னதான் இருக்கிறது?

வரிவரியாகப் பார்ப்போம். முதலாவதாக, அது விவாகரத்தே அல்ல. இந்துத் திருமணச் சட்டப்படி நடந்த கல்யாணத்தை நீதிமன்றத்தின் தீர்ப்புதான் முறிக்க முடியும். சில சமூகங்களில் வழிவழியாக வந்த 'தீர்த்துவிடும்' வழக்கத்தைச் சட்டம் ஒப்புக்கொள்வது உண்டு. ஆனால் அப்படியொரு வழக்கம் இருப்பதைச் சாட்சியத்தோடு நிரூபித்தாக வேண்டும். ஊர்ப் பெரியவர் நாலு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டதாலேயே அது வழக்கமாகிவிடாது. இந்தத் தாளை நம்பி இரண்டு பேரில் யார் மறுமணம் செய்துகொண்டாலும் அது குற்றம்.

இரண்டாவதாக, 'மனமொத்துப் பிரிந்து வாழ்கிறோம்' என்ற அந்த வரி. பார்த்தால் சாதுவாக இருக்கிறது, இல்லையா? விஷம் அங்கேதான் இருக்கிறது. ஜீவனாம்சம் கேட்கும் உரிமை முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆவது பிரிவாக இருக்கிறது. கணவனும் மனைவியும் பரஸ்பர சம்மதத்தின் பேரில் பிரிந்து வாழ்ந்தால் மனைவிக்கு அந்தப் பிரிவின்கீழ் ஜீவனாம்சம் இல்லை என்று அதிலேயே எழுதியிருக்கிறது. இவரோ சம்மதித்துப் பிரியவில்லை. கணவர் வராமல் இருந்துவிட்டார். நடக்காத ஒன்றை நடந்ததாக இவர் கையாலேயே எழுதி வாங்கப் பார்க்கிறார்கள்!

மூன்றாவதாக, 'குழந்தைகளுக்கும் கோரிக்கை கிடையாது' என்கிறார்கள். குழந்தையின் ஜீவனாம்சம் குழந்தையின் சொத்து. அதை விட்டுக்கொடுக்கத் தாய்க்கு அதிகாரமே இல்லை. அப்படி எழுதியிருந்தாலும் நீதிமன்றம் அதை ஏற்காது. ஆனாலும் அந்தத் தாளைக் காட்டியே இரண்டு மூன்று வருஷம் இழுத்தடிப்பார்கள். அதற்குள் பள்ளிக்கூடச் சம்பளம் கட்ட யாரிடம் போய் நிற்பது?

நான்காவது, இரண்டு லட்சம். மொத்தமாகக் கேட்கும்போது பெரிய தொகையாகத்தான் தோன்றும். பென்சிலை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால்தான் விஷயம் புரியும்.

நோட்டுப் புத்தகத்தில் முதல் பக்கம்

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சிறிய ஊரில், சிக்கனமான ஒரு தாயும் இரண்டு குழந்தைகளும் தனியாக இருக்க, உதாரணத்துக்கு நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். வீட்டு வாடகை 4,000 ரூபாய். மளிகை, பால், காய்கறி 5,500. காஸ், கரண்ட் 1,000. பள்ளிக்கூடச் செலவை மாதக் கணக்கில் பிரித்தால் 1,500. பஸ் 500. மருந்து, டாக்டர் 800. துணிமணி, பண்டிகை 700. ஆக 14,000 ரூபாய். உங்கள் ஊருக்குக் கூடக் குறைய இருக்கலாம்; நீங்களே போட்டுப் பாருங்கள்.

மாதம் பதினாலாயிரம் என்றால், இரண்டு லட்சம் பதினாலு மாதம்தான் வரும். பையனுக்கு இப்போது மூன்று வயது. அவனுக்குப் பதினெட்டு ஆக 180 மாதம் இருக்கிறது. இரண்டு லட்சத்தை 180-ஆல் வகுத்தால் மாதம் 1,111 ரூபாய். மூன்று பேருக்கு! இந்த ஒரு வரியை அப்பாவிடம் காட்டினாலே, 'போட்டுடும்மா' என்று சொல்ல அவருக்கு வாய் வராது.

கணவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அவர் சம்பளம் எவ்வளவு, பிடித்தம் என்ன, அவருடைய வயதான தாய் தந்தைக்கு மருந்துச் செலவு உண்டா, வீட்டுக் கடன் தவணை எவ்வளவு? இதைக் கோபமில்லாமல் எழுத வேண்டும். ஒரு சம்பளத்தில் ஒரு குடித்தனம் நடந்தது. இனி அதே சம்பளத்தில் இரண்டு குடித்தனம் நடக்க வேண்டும். இரண்டு பக்கமும் கஷ்டம் இருக்கத்தான் செய்யும். 2020 நவம்பரில் ரஜ்னேஷ் - நேகா வழக்கில் சுப்ரீம் கோர்ட் ஒரு நல்ல ஏற்பாடு செய்தது. ஜீவனாம்ச வழக்கில் இரண்டு பேருமே தங்கள் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். உங்கள் நோட்டுப் புத்தகம் அப்போது கைகொடுக்கும்.

அதே தீர்ப்பில் இன்னொன்றும் உண்டு. ஜீவனாம்சம், மனுப் போட்ட தேதியிலிருந்தே கணக்கு. 'இன்னிக்கு வருவார், நாளைக்கு வருவார்' என்று மனுப் போடாமல் காத்திருக்கும் மாதங்கள் பெரும்பாலும் கைவிட்டுப் போன மாதங்களே. மனுப் போடுவதால் சேர்ந்து வாழும் வழி அடைபட்டுவிடாது. ஜீவனாம்ச வழக்கு நடக்கும்போதே சமாதானமாகி, ஒரே ஆட்டோவில் ஏறி வீட்டுக்குப் போன தம்பதிகளையும் நான் பார்த்திருக்கிறேன்.

காகிதங்களும் போன் நம்பரும்

இரண்டாம் பக்கத்தில் காகிதங்களின் பட்டியல். திருமணப் பதிவுச் சான்று (நம் மாநிலத்தில் 2009 நவம்பர் 24-க்குப் பிறகு நடந்த கல்யாணங்களுக்குப் பதிவு கட்டாயம்), கல்யாணப் பத்திரிகை, போட்டோ, குழந்தைகளின் பிறப்புச் சான்று, ஆதார், தடுப்பூசி அட்டை, பள்ளிக்கூட ரசீது, ரேஷன் கார்டு நகல், பாங்க் பாஸ்புக், இன்ஷூரன்ஸ் பாலிசி, கணவரின் சம்பளச் சீட்டு ஏதாவது ஒன்று. அசலைப் பத்திரமான இடத்திலும், ஜெராக்ஸ் ஒரு கட்டு வேறொரு நம்பிக்கையான வீட்டிலும் வையுங்கள்.

உங்கள் பெயரில் உள்ள பாங்க் கணக்கோடு யாருடைய போன் நம்பர் சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். முக்கால்வாசி வீடுகளில் அது கணவருடைய நம்பராகத்தான் இருக்கும். ஓ.டி.பி. அவருக்குப் போனால், கணக்கு உங்களுடையதானாலும் சாவி அவரிடம்தானே! ஆதாரையும் பாஸ்புக்கையும் எடுத்துக்கொண்டு பாங்குக்குப் போய் உங்கள் நம்பரை மாற்றிக்கொள்ளுங்கள். ஏ.டி.எம். ரகசிய எண்ணையும் மாற்றுங்கள்.

பிராவிடெண்ட் ஃபண்டிலும் இன்ஷூரன்ஸிலும் யார் நாமினி என்பதைக் குறித்து வையுங்கள். பிரிந்ததும் அது தானாக மாறிவிடாது. நீங்கள் வேலைக்குப் போகிறவர் என்றால் உங்கள் நாமினி யார் என்பதையும் பாருங்கள்.

நகையும் கடனும்

கல்யாணத்தின்போதும், முன்னும் பின்னும் உங்களுக்கென்று கொடுத்த நகை, பாத்திரம், பணம் எல்லாம் ஸ்திரீதனம். பிறந்தகம் போட்டதானாலும் சரி, உங்களுக்கென்று புக்ககம் போட்டதானாலும் சரி. 1985-இல் பிரதிபா ராணி வழக்கில் சுப்ரீம் கோர்ட் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது: அது மனைவிக்கே முழு உடைமை, கணவர் வீட்டில் இருந்தால் அவர்கள் அதைப் பாதுகாத்து வைத்திருப்பவர்கள் மட்டுமே. அதே 1985-இல் வந்த விதிகளின்படி, கல்யாணப் பரிசுகளுக்குப் பட்டியல் எழுதி, கொடுத்தவர் பெயரும் மதிப்பும் குறித்து, மணமக்கள் கையெழுத்திட வேண்டும். எத்தனை வீட்டில் அதைச் செய்கிறோம்? மொய் நோட்டை மட்டும் பத்திரமாக வைத்திருப்போம்!

பட்டியல் இல்லாவிட்டால் இப்போது எழுதுங்கள். இரட்டை வடச் சங்கிலி, இத்தனை பவுன், யார் போட்டது, எந்தக் கடை பில், எந்தப் போட்டோவில் கழுத்தில் இருக்கிறது என்று நகை நகையாக எழுதுங்கள். இப்போது அது எங்கே இருக்கிறது? பீரோவிலா, மாமியாரிடமா, அடகுக் கடையிலா? அடகில் இருந்தால் சீட்டு யார் பெயரில் இருக்கிறது, மீட்க எது கடைசித் தேதி என்பதையும் எழுதுங்கள். கெடு தாண்டி ஏலம் போனபிறகு, எந்த நீதிபதியாலும் அந்தச் சங்கிலியைத் திருப்பித் தர முடியாது.

கடன் இதைவிட மோசம். மகளிர் குழுவில் உங்கள் பெயரில் எடுத்த கடன், மைக்ரோ பைனான்ஸ் கடன், வீட்டுக் கடனில் இணைக் கடனாளியாகப் போட்ட கையெழுத்து, அவருடைய தம்பி வண்டி வாங்க நீங்கள் கொடுத்த ஜாமீன் - எல்லாவற்றையும் எழுதுங்கள். 'பணத்தை அவர்தான் செலவழிச்சார்' என்று சொன்னால் கடன் கொடுத்தவர் கேட்க மாட்டார். புருஷன் பெண்சாதி பிரிந்தது பாங்குக்கு ஒரு பொருட்டல்ல. கையெழுத்துப் போட்டவரைத்தான் கேட்கும். ஆகவே எந்த ஒப்பந்தம் பேசினாலும், எந்தக் கடனை யார் அடைப்பது என்பதை அதில் எழுதி வாங்குங்கள். முடிந்தால் அடைத்த ரசீதைப் பார்த்தபிறகு மேற்கொண்டு பேசுங்கள்.

எங்கே போவது?

'வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் ஏது?' என்று கேட்பீர்கள். 1987-ஆம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. ஜில்லா நீதிமன்றத்திலும் தாலுகா நீதிமன்றத்திலும் அதற்கான அலுவலகம் இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் பேசலாம். ஜீவனாம்ச மனுவுக்காகத் திருப்பூர் வரை அலைய வேண்டாம். நீங்கள் வசிக்கும் ஊருக்குரிய நீதிமன்றத்திலேயே போடலாம். குடும்ப நீதிமன்றம் இருந்தால் அங்கே, இல்லாவிட்டால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில்.

144-ஆவது பிரிவு எல்லா மதத்தினருக்கும் பொது. விவாகரத்தான முஸ்லிம் பெண்களும் ஜீவனாம்சம் கேட்கலாம் என்று 2024 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் மறுபடி உறுதி செய்திருக்கிறது. வழக்கு முடியும்வரை இடைக்கால ஜீவனாம்சமும் கேட்கலாம். நோட்டீஸ் சேர்ந்த அறுபது நாளுக்குள் கூடியவரை அதை முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் இன்னும் நீளும், அதையும் சொல்லிவிடுகிறேன். நாலு குழந்தைக்கு டியூஷன் எடுத்து நீங்கள் கொஞ்சம் சம்பாதிப்பதாலேயே உரிமை போய்விடாது. உத்தரவான பிறகு அவர் கட்டாமல் விட்டால், பாக்கி விழுந்த ஒரு வருஷத்துக்குள் வசூல் மனுப் போட்டுவிட வேண்டும். இந்தக் கெடுவை நோட்டின் அட்டையிலேயே எழுதி வையுங்கள்.

அடி உதையோ, வீட்டைவிட்டுத் துரத்தலோ, செலவுக்குக் காசு தராமல் வதைப்பதோ இருந்தால், 2005-ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் இருக்கிறது. ஜில்லாதோறும் பாதுகாப்பு அதிகாரி உண்டு. 181-க்கு எந்த நேரமும் போன் செய்யலாம். கணவரோடு குடியிருந்த வீட்டில் தொடர்ந்து குடியிருக்கும் உரிமையும் அந்தச் சட்டத்தில் வருகிறது. அந்த வீடு மாமனார் பெயரில் இருந்தாலும்கூட அந்த உரிமையைக் கேட்க முடியும் என்று 2020-இல் தீர்ப்பாகியிருக்கிறது. மகளிர் காவல் நிலையத்தில் மனுக் கொடுத்தால் மனு ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

எல்லாம் பேசிப் பார்த்தும் பிரிவதுதான் முடிவு என்றால், இரண்டு பேருமே மனமார ஒப்புக்கொண்டால், அதற்கும் முறையான வழி இருக்கிறது. இந்துத் திருமணச் சட்டத்தில் 1976-இல் சேர்த்த 13-பி பிரிவு அது. ஒரு வருஷம் பிரிந்து வாழ்ந்தபிறகு இருவருமாகச் சேர்ந்து நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். பிறகு ஆறு மாதம் அவகாசம். தகுந்த காரணமிருந்தால் அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. தீர்ப்பாகும்வரை சம்மதத்தைத் திரும்பப் பெறவும் முடியும். நீதிபதி முன்னால் பணத்தை டிமாண்ட் டிராஃப்டாக வாங்குவது, குழந்தை பெயரில் டெபாசிட் போடுவது, மாதத் தொகை, பார்க்க வரும் நாள் எல்லாம் தீர்ப்போடு சேர்ந்து பதிவாகும். திண்ணையில் எழுதிய தாளுக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

குழந்தைகள் தபால்காரர்கள் அல்ல

இனி நான் சொல்லப்போவதை எந்த நோட்டிலும் எழுதி முடிக்க முடியாது. 'அப்பாகிட்ட பீஸ் கட்டச் சொல்லு', 'உங்கம்மாகிட்ட நகையைக் கேட்டுச் சொல்லு' - இப்படி இரண்டு வீட்டுக்கும் நடுவில் பிள்ளைகளை ஓடவிடாதீர்கள். பண விஷயத்தைப் பெரியவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டும். பேச்சு வளர்ந்தால் எழுத்தில் அனுப்புங்கள்.

மூன்று நாலு வயதுக் குழந்தை மறுபடி படுக்கையில் மூத்திரம் போகும். அம்மா கிணற்றடிக்குப் போனாலும் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வரும். அடிக்காதீர்கள். அம்மாவும் போய்விடுவாளோ என்ற பயம் அது. ஆறேழு வயதில் வேறு விதம். 'நான் சரியாப் படிக்கலைன்னுதான் அப்பா போயிட்டாரு' என்று தன்மேலேயே பழியைப் போட்டுக்கொள்ளும், வெளியே சொல்லாது. பெரிய பிள்ளைகள் ஒரு பக்கம் சேர்ந்துகொண்டு மற்றவரைத் திட்டும். இல்லாவிட்டால் வாயே திறக்காது.

குழந்தையை மடியில் உட்கார வைத்துக்கொண்டு, சின்னச் சின்ன வாக்கியமாகச் சொல்லுங்கள். 'அப்பாவும் நானும் இப்ப வேற வேற வீட்டிலே இருக்கோம். அது உன்னாலே இல்லேடா கண்ணு. அவர் உனக்கு எப்பவும் அப்பாதான். நான் எப்பவும் அம்மாதான். நாளைக்கும் இதே ஸ்கூலுக்குத்தான் போவே, சாயந்திரம் நான்தான் வந்து கூட்டிட்டு வருவேன்.' இவ்வளவு போதும். 'அடுத்த வாரம் அப்பா வந்துடுவார்' என்று நிச்சயமில்லாததைச் சொல்லாதீர்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் வாசலிலேயே உட்கார்ந்திருக்கும். வகுப்பு டீச்சரிடம் மட்டும் விஷயத்தைத் தனியாகச் சொல்லிவையுங்கள்.

ஐந்து வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது 1956-ஆம் வருஷத்துச் சட்டம். அதற்கு மேல் எந்த வயதானாலும் குழந்தையின் நலன்தான் நீதிமன்றத்துக்குப் பெரிது. பணம் கட்டுவதும் குழந்தையைப் பார்ப்பதும் வேறு வேறு. 'காசு குடுக்கலை, அதனால பார்க்க விடமாட்டேன்' என்று தாயும் சொல்லக் கூடாது. 'பார்க்க விடலை, அதனால காசு இல்லை' என்று தகப்பனும் சொல்லக் கூடாது. குடித்துவிட்டு வந்து பயமுறுத்துகிறவராக இருந்தால் மட்டும், வேறொருவர் முன்னிலையில் பார்க்கும்படி உத்தரவு கேளுங்கள்.

அப்புறம் உங்கள் உடம்பு. குழந்தைகளுக்குப் போட்டுவிட்டுத் தான் சாப்பிடாமல் படுப்பது தியாகம் இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, காரணமில்லாமல் குழந்தையை அடிக்கக் கை ஓங்குகிறது என்றால் டாக்டரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. 'செத்துடலாம் போல இருக்கு' என்ற நினைப்பு வந்தால் ஒரு நிமிஷம்கூடத் தள்ளிப்போடாமல் பேசுங்கள். பக்கத்தில் இருக்கிறவரையும் எழுப்புங்கள். கோர்ட்டு வாய்தா இன்னொரு நாள் வரும். குழந்தைகளுக்கு இன்னொரு அம்மா வரமாட்டாள்.

பிறந்தகத்துக்கு ஒரு வார்த்தை

வந்து நிற்கும் மகளைப் பார்த்து, 'எத்தனை நாளைக்கு?' என்று கேட்காதீர்கள். 1989-லேயே நம் மாநிலம் சட்டம் திருத்தி, அதற்குப் பிறகு மணமான பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு கொடுத்தது. 2005-இல் நாடு முழுவதும் அது வந்தது. அவள் இலவசமாக வந்து தங்கிய விருந்தாளி அல்ல. அதே சமயம் அண்ணியையும் குறை சொல்ல மாட்டேன். அடுப்படியில் இரண்டு பேர், வருமானம் ஒன்று, கூடுதலாகச் சாப்பிட மூன்று பேர் என்றால் யாருக்கும் முகம் சுளிக்கத்தான் செய்யும். வந்த முதல் வாரத்திலேயே உட்கார்ந்து பேசுங்கள். எந்த அறை, எந்த வேலை யாருக்கு, ஜீவனாம்சம் வந்தால் வீட்டுச் செலவுக்கு எவ்வளவு என்று வாய்விட்டுப் பேசிவிட்டால், பாதி மனஸ்தாபம் முளைக்கவே முளைக்காது.

அக்கம்பக்கத்தில் இருக்கிற நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது, சகோதரிகளே. 'என்னடி ஆச்சு?' என்று துருவித் துருவிக் கேட்பதை விட்டுவிட்டு, கோர்ட்டுக்குப் போகிற நாளில் அவள் குழந்தைகளைச் சாயந்திரம்வரை பார்த்துக்கொள்ளலாம். நவராத்திரி வரப்போகிறது. கொலுவுக்குத் தெருவெல்லாம் அழைத்துவிட்டு, தனியாக வாழ்கிறாள் என்பதற்காக ஒரு வீட்டை மட்டும் தாண்டிப் போகிறோமே, அந்த வீட்டு வாசலில் பாவாடை கட்டிக்கொண்டு ஒரு சின்னப் பெண் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். இந்த வருஷம் அந்த வீட்டுக்குள்ளும் போய், அம்மாவுக்கும் பெண்ணுக்கும் குங்குமம் கொடுத்து, 'சாயந்திரம் சுண்டலுக்கு வந்துடுங்க' என்று கூப்பிட்டுவிட்டு வாருங்கள்.